பெயர்க் கட்டம்

குளச்சல் நகராட்சியில்
பிறப்புக்கும் இறப்புக்கும் ஒரே மேசை.
இடப்பக்கம் வந்தவர்கள்,
வலப்பக்கம் போனவர்கள்,
நடுவில் நானும் ஒரு பசைப்புட்டியும்
மழை பெய்தால் படுத்துக்கொள்ளும் கணினியும்.

கூட்டமில்லாத மதியங்களில்
பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்ப்பேன்.
அந்தக் காலத்துப் பையன்கள்
பெரிய ஆட்களாகவே பிறந்திருக்கிறார்கள்.

தக்கலைத் தர்காவுக்கு நேர்ந்து பெற்றவன் பீர் முகம்மது.
பீர் என்றால் பாரசீகத்தில் முதியவர்.
முதியவரின் எடை இரண்டே முக்கால் கிலோ.

சுசீந்திரத்தில் பெண்ணெடுத்த வீட்டில் தாணு.
அசையாது நிற்கும் தூண் என்று பொருள்.
எந்தத் தொட்டில் அதை நம்பியிருக்கும்?

சூசை, எபிரேயத்திலிருந்து கிளம்பி
எத்தனையோ வாய்களில் தேய்ந்து
கொடிமுனையில் கரையேறிய பெயர்.
'இன்னும் ஒன்று கூட்டித் தருவார்' என்பது அர்த்தம்.
ஒன்பதாவது பையனுக்கு அதை வைத்திருக்கிறார்கள்.
மறு வருடப் பதிவேட்டில்
அதே தகப்பன், அதே தாய்,
பத்தாவது.

பிச்சைக்கண்ணுக்கு முன்னால் பிறந்த மூன்று பேர்
வலப்பக்கக் கட்டில் இருக்கிறார்கள்.
தவிட்டுக்கு விற்று வாங்கி
பிச்சை என்று கூப்பிட்டால்
எமன் கூச்சப்பட்டுத் திரும்பிவிடுவானாம்.
திரும்பியிருக்கிறான்.
போன வாரம் பிச்சைக்கண்ணு வந்து
பென்ஷனுக்கு வயதுச் சான்று கேட்டார்,
ஜெராக்ஸ் ரெண்டு.

என் பெயர் பனியடிமை.
பனிமய மாதாவுக்கு அம்மா செய்த நேர்ச்சை.
ரோமாபுரியில் ஒரு ஆகஸ்டு மாதம் பனி பெய்ததாம்.
நான் கண்ட பனி
ஐஸ் கம்பெனியிலிருந்து மீன்பெட்டிக்கு வருவது.
பள்ளிக்கூடம் விட்டு வரும்போது
ஒரு சில்லு எடுத்து வாயில் போட்டால்
சாளை வாசம் அடிக்கும்.
அதற்கு நான் அடிமைதான், பொய்யில்லை.

செவ்வாய்க்கிழமை அவர்கள் வந்தார்கள்.
சுயம்புலிங்கம், டைல்ஸ் ஒட்டுகிற வேலை,
நகக்கண்ணில் வெள்ளைச் சிமெண்டு.
விஜிலா, இடுப்பில் பிள்ளை.
பதினொன்றரை மாதமாக அவனுக்குப் பெயர் 'மக்கா'.

தாணுமாலயன் என்று போட்டால்
அவன் வீட்டுக் கதவு திறக்கும்.
தேவசகாயம் என்று போட்டால்
அவள் வீட்டுக் கதவு திறக்கும்.
'ரெண்டும் நல்ல பேருதான் சார்,
ரெண்டுபேருக்க அப்பன்மாரும்
செத்த அப்பூப்பன்மாரைத் திருப்பிக் கேக்காவ.
எங்ககிட்ட இருக்கது இவன் ஒருத்தன்.'

நீட்டிய படிவத்தில் எழுதியிருந்தது: சுஜின்.

சும்மா இருந்திருக்கலாம் நான்.
அபின், லிபின், ஷஜின், விபின் என்று
வாரத்துக்கு இருபது ஏற்றுகிற கை இது.
அகராதியில் கிடைக்காத பெயர்கள்,
குக்கர் விசில் மாதிரி இருக்கின்றன என்று
டீக்கடையில் சொல்லிச் சிரித்தவனும் நான்தான்.
அன்றைக்கு என்னவோ வாய் திறந்துவிட்டது.
'அர்த்தம் என்னம்மா?'

அவள் கோபப்படவில்லை.
பிள்ளையை அவனிடம் கொடுத்துவிட்டு
என் பேனாவை எடுத்து
கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாளின் பின்பக்கம்
இரண்டு பெயரையும் எழுதினாள்,
பெரிய எழுத்தில், பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி.
'இந்தச் சு அவியளுக்கது.
ஜி எனக்கது.'

'அப்போ அந்த ன்?'

இடது பதிவேட்டின் ஓரத்தை
அப்பன் தோளிலிருந்து குனிந்து
சப்பிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள்.
'அது அவனுக்கது.'

தட்டச்சு செய்தேன்.
கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.
எச்சில் பட்ட மூலையைத் துடைத்தேன்,
முழுதாக அல்ல.

அவர்கள் போனபிறகும் அந்தத் தாள் கிடந்தது.
எடுத்தது போக மிச்சம்
யம்பு, லிங்கம், வி, லா.
ஒரு தங்கச்சிக்குத்
தாராளமாகப் போதும்.